ஸ்கோப்பஸில் 131, கூகுளில் 212: எதை எழுதுவது?

கேள்வி: தாவர மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவள். உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் எனக்கு 14 கட்டுரைகள், 212 மேற்கோள்கள் (பிறர் தம் கட்டுரையில் என்னுடையதைச் சுட்டியது), எச்-இண்டெக்ஸ் 7. ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் 8 கட்டுரைகள், 131 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 5. எதை எழுதுவது? இந்த 131-இல் 80, இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் செய்முறைக் கட்டுரை ஒன்றுக்கே வந்தவை. அதைக் குறையாக நினைப்பார்களா? எண்ணிக்கையைக் கூட்டித் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைக்கிறார். நம்பலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டு கணக்குமே சரிதான். கூகுள், இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோப்பஸ், தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் எண்ணும். எச்-இண்டெக்ஸ் 5 என்றால், தலா 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் உங்களிடம் 5 இருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டையும் எழுதி, எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்றும் குறிப்பிடுங்கள். படிவத்தில் ஒரே கட்டம்தான் என்றால் ஸ்கோப்பஸ் எண்ணைப் போடுங்கள்.

ஆனால் 14-க்கு 8 என்பது உறுத்துகிறது. ஸ்கோப்பஸில் உங்கள் பெயரை வேறு வேறு விதமாகத் தேடிப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தொல்லை. முதல் கட்டுரையில் ‘கே. மாலதி’, அடுத்ததில் ‘மாலதி குமாரசாமி’, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்து. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு அடையாள எண் கொடுத்துக் கட்டுரைகளைப் பங்கு போட்டுவிடும். ஒன்றாக இணைக்கச் சொல்லி அந்தத் தளத்திலேயே கேட்கலாம், காசு கிடையாது. பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணும் இலவசம்தான். இதற்கே கட்டணம் வாங்கும் ‘கன்சல்டன்சி’கள் இருக்கின்றன.

அந்த வாட்ஸ்அப் ஆசாமி விற்பது இரண்டு சரக்கு. ஒன்று, யாரோ எழுதிய கட்டுரையில் ஆசிரியர் இடம். முதல் இடத்துக்கு ஒரு விலை, நான்காவதுக்கு ஒரு விலை. இன்னொன்று, மேற்கோள். சிமெண்ட் கலவை பற்றிய கட்டுரையில் உங்கள் இலை டி.என்.ஏ. கட்டுரை போய் உட்கார்ந்திருக்கும். தேர்வுக் குழுவில் ஒருவர் மேற்கோள் பட்டியலைத் திறந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ‘30 நாளில் ஸ்கோப்பஸ் உறுதி’ என்பவரிடம் பேச்சே வேண்டாம். ஒழுங்கான இதழில் எது வெளியாகும் என்று வெளியாள் உறுதி தர முடியாது. நல்ல இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் (இதழின் அடையாள எண்) திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. 2023-இல் மட்டும் ஹிந்தாவி பதிப்பகத்தின் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் முறைகேடு தெரிந்து திரும்பப் பெறப்பட்டன. அப்படி ஆகும்போது விற்றவர் செல்பேசி எண்ணை மாற்றிக்கொள்வார். கட்டுரையில் நிற்பது உங்கள் பெயர்.

சரி, அந்த 80 மேற்கோள். ஒரே கட்டுரை தூக்கி நிறுத்தினால் அதிர்ஷ்டம் என்பார்கள். செய்முறைக் கட்டுரையை அப்படித் தள்ளிவிட முடியாது. டாயில் தம்பதியர் 1987-இல் ‘பைட்டோகெமிக்கல் புல்லட்டின்’ என்ற சின்ன வெளியீட்டில் ஐந்தே பக்கத்தில் இலை டி.என்.ஏ. முறையை எழுதினார்கள். தாவர ஆய்வகங்களில் சி.டி.ஏ.பி. முறை (அதில் சேர்க்கும் வேதிப்பொருளின் பெயர்) என்று இன்றும் செய்வது பெரும்பாலும் அதைத்தான். இன்னொரு செய்முறைக் கட்டுரை, புரதத்தை அளக்கும் லௌரியின் 1951 கட்டுரை; அதற்கு மேற்கோள் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எனவே கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆனால் எண்ணோடு நிறுத்தாதீர்கள். மா போன்றவற்றின் இலையில் பீனால் என்ற வேதிப்பொருள் மிகுந்து டி.என்.ஏ. பழுப்பாகப் பிசுபிசுத்து, அதைப் பல பிரதி எடுக்கும் பி.சி.ஆர். ஓடாமல் போகும் தொல்லையை உங்கள் முறை எந்தக் கட்டத்தில் தீர்க்கிறது? அதைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தச் செடியில் செய்தார்கள்? நாலு எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனையாவது ஆசிரியர் என்பதையும் மறைக்க வேண்டாம்.

இவ்வளவு விளக்கத்துக்கும் விதியில் இடம் இல்லை என்பதுதான் எரிச்சல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி, இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள்) இல்லாத இதழுக்குக் கூடுதலாக 5 புள்ளி, 10-க்கு மேல் உள்ள இதழுக்கு 30. அந்த எண் இதழுடையது. உங்கள் கட்டுரையை ஒருவரும் படிக்காவிட்டாலும் 30 தான். யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றால், 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தைக் கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தரகர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

பெயர் இணைப்பு முடிய நாளாகலாம், இன்றே கேட்டுவிடுங்கள். கடைசித் தேதிக்குள் நடக்கவில்லை என்றால், உங்கள் ஸ்கோப்பஸ் அடையாள எண்கள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதி, கோரிக்கை அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் இணைத்துவிடுங்கள்.