ஊர்ப் படிப்பகத்துக்குத் தென்னங்கீற்றுக் கூரை போடலாமா, இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா?

தாராளமாகப் போடலாம். உங்கள் ஊரிலும் "ரிசார்ட்டுக்குப் போடுறதை நமக்கு எதுக்குப்பா" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். ஒருவராவது கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ விபத்தை இழுத்திருப்பார்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன். 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாவட்டம் இது. நெருப்பை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு ஓலை வேண்டவே வேண்டாம். நான் சொல்வது தரைத்தளத்தில், நாலு பக்கமும் திறந்து, பக்கத்தில் அடுப்பே இல்லாத படிப்பகத்துக்கு. ஒயர் எல்லாம் குழாய்க்குள் தூண் வழியாக வரட்டும். ஓலையைத் தொடவே கூடாது.

எங்கள் படிப்பகத்துக்கு இடுப்பளவு செங்கல் சுவர், பனஞ்சட்டம், மூங்கில் வரிச்சு, மேலே கீற்று. வரைபடம் போட்டவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கூரையின் வாட்டத்தை, அதாவது சரிவை, குறைத்துவிட்டார். கூரை மேய வந்த பெரியவர் சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "இதுல தண்ணி வழியாது தம்பி, நிக்கும். ரெண்டு மழைக்கு ஓலை மக்கிப்போயிரும்" என்றார். பிறகு முகட்டை உயர்த்தி, வாட்டத்தை 45 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். மட்டையைப் பிளந்து, ஊறப்போட்டு, பெண்கள் முடைந்து அடுக்கிய கீற்றை அவர் கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்திலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைப் பாதிக்கு மேல் மூடியது. ஐப்பசி மழையில் ஒரு புத்தகம்கூட நனையவில்லை. சித்திரை மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் தலை காட்ட முடியாது. இங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

குடிசையில் இருப்பவர் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒழுகாத காங்கிரீட் வீடு கேட்பது அவர்கள் உரிமை. பொது இடத்தின் கூரையை ஊரே சேர்ந்து பராமரிக்க முடியும், அதனால்தான் சொல்கிறேன். கீற்று ஒன்றிரண்டு வருஷம்தான் தாங்கும். பிரித்து மேயும் செலவைக் கட்டும்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

பனையோலை இன்னும் கூடுதலாக உழைக்கும். நாங்களும் அதைத்தான் தேடினோம். மரம் இருந்தால்தானே! பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் அதை வெட்டக்கூடாது என்று 2021-இல் அரசே அறிவித்தது. அப்புறமும் ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல் சூளைக்கு லாரி போகிறது. புகார் கொடுத்தால், கொடுத்தவனைத்தான் நாலு தடவை அலைய விடுகிறார்கள். தென்னையிலும் ஏராளமானதை 2018 கஜா புயல் சாய்த்துவிட்டது. இருக்கிற மரத்தையும் விட்டுவிட்டால், கூரை மேயத் தெரிந்தவர் இருந்து என்ன பயன்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வரைபடம் போடுவதற்கு முன்பே கூரை மேய்பவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். கீற்றுக்கு வெயில் காலத்திலேயே சொல்லி வையுங்கள். புரட்டாசியில் போய்க் கேட்டால் விலையும் ஏறியிருக்கும், ஆளும் கிடைக்காது.