ஞாயிறு பூசைக்கு அப்பால் கிறிஸ்தவ வாழ்வு என்றால் என்ன?

பூசைக்குப் போனால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு நாளில் கேட்கப்படுவது பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, அந்நியனை ஏற்றாயா என்பதுதான். எத்தனை செபமாலை சொன்னாய் என்பதல்ல.

வன்னியில் இது வெறும் வசனமாக இருந்ததில்லை. போர்க்காலத்தில் மன்னாரின் மடு மாதா கோயில் வளவே அகதி முகாமானது. 2008இல் மாதா சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது.

இன்று? செத்தவீடு என்றால் எந்தச் சமயத்தவர் என்று பாராமல் போய்ப் பந்தல்கால் நடுவது. வேலிச் சண்டையில் முகம் பாராத அயலவரிடம் தவக்காலத்திலாவது தானாகப் போய்ப் பேசுவது. (மச்சச் சாப்பாட்டை விடுவது இதைவிட எத்தனையோ சுலபம்!)

தொடங்க வழி தெரியாவிட்டால், உங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபை இருந்தால் விசாரியுங்கள். பிள்ளைக்குக் கொப்பி வாங்க வழியில்லாத வீடு எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.