மூன்றில் ஒரு பங்கு யாருக்கு?

கேள்வி: கடற்பறவைகள் பட்டினி கிடக்காமலிருக்க, எவ்வளவு மீனைப் பிடிக்காமல் விடவேண்டும் என்று கணக்கிட முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். பிரெஞ்சு விஞ்ஞானி பிலிப் கியூரி தலைமையிலான குழு, ஏழு கடற்பகுதிகளில் 14 வகைப் பறவைகளின் இனப்பெருக்கப் பதிவுகளை, மத்தி, நெத்திலி போன்ற இரைமீன்களின் இருப்போடு ஒப்பிட்டு, 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. இரைமீன் வளம், அதுவரை பதிவான உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், வளர்த்தெடுக்கப்படும் குஞ்சுகளின் எண்ணிக்கை சரிகிறது. அதற்கு மேல் மீன் பெருகினாலும் குஞ்சுகள் பெரிதாகக் கூடுவதில்லை. இந்த இரண்டாவது செய்திதான் முக்கியமானது என்பேன், ஏனெனில் பறவைகளின் தேவைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மீன்பிடித் தொழிலே மறுக்க இயலாத வகையில் அது காட்டியது.

ஆனால் மொத்த இருப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஆப்பிரிக்கப் பெங்குவின் சிறகுதிர்க்கும் சுமார் மூன்று வாரங்களும் கடலில் இறங்காமல், உடலில் சேர்த்துவைத்த கொழுப்பிலேயே உயிர்வாழும். குஞ்சு வளர்க்கும் காலத்திலோ கூட்டிலிருந்து வெகுதூரம் போகாது. எனவே மீன் எங்கே, எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியம். இதைச் சோதிக்கவே, தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் ராபன் உள்ளிட்ட தீவுகளைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்பை மாறிமாறித் தடைசெய்து பார்த்தார்கள். அதன் பலன் எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளே பல ஆண்டுகள் வாதிட்டனர். 2024-இல் ஆப்பிரிக்கப் பெங்குவின் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில், முக்கிய இனப்பெருக்க இடங்களைச் சுற்றிப் பத்தாண்டு மீன்பிடித் தடைக்குப் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் மீன்பிடித் தொழில்துறையும் நீதிமன்றத்தில் உடன்பட்டன.