மருந்து ஊற்றும் பண்ணையிலா, ஊற்றாத பண்ணையிலா குடற்புழு அதிகம்?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் அருகே, பழைய லயத்துக்குப் பின்புறம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி 14 மாடுகள் வளர்க்கிறோம். ஆறு கறக்கின்றன, மற்றவை கிடேரிகளும் கன்றுகளும். மாமனார் காலத்திலிருந்தே செம்பனை மரங்களுக்கு அடியில்தான் மேய்ச்சல். ஒரு வருடமாகப் பூச்சி மருந்து எதுவும் கொடுக்காமல் இயற்கை முறையில் வளர்க்கிறோம். பால் வாங்குகிறவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா மாடுகளின் முதுகிலும் மருந்து ஊற்றுகிறார். மருந்து ஊற்றாத மாட்டின் வயிற்றில் புழுதான் இருக்கும் என்கிறார். எங்கள் கறவைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வயதுக் கிடேரிகள் இரண்டு மெலிந்து, மயிர் சிலிர்த்து, தண்ணீராகக் கழிகின்றன. ஒன்றுக்குத் தாடைக்கு அடியில் பை போல வீக்கம் தொங்குகிறது. நாங்கள் இயற்கை முறையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அம்மா, முறையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்தத் தாடை வீங்கிய கிடேரியைக் கவனியுங்கள். புழு இரத்தத்தையும் புரதத்தையும் இழக்கச் செய்யும்போது நீர் கீழிறங்கித் தாடைக்கு அடியில் தேங்குவதால் அந்த வீக்கம் வருகிறது. நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு, அல்லது கல்லீரல் தட்டைப்புழு. கீழிமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவப்பு மாறி வெள்ளைக் காகிதம் போல இருந்தால் காத்திருக்க நேரமில்லை. இரண்டு கிடேரிகளிடமிருந்தும் சாணம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழைத்து மருந்து கொடுங்கள். உண்ணிக் காய்ச்சலும் இதே போல இரத்தத்தை வற்றச் செய்யும் என்பதால், அவரிடம் இரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோயுற்ற விலங்குக்கு மருந்தை மறுக்கும்படி எந்த இயற்கைப் பண்ணை விதியும் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றிய விதி தடுப்பது, நோயில்லாத மாட்டுக்கு வழக்கமாக மருந்து கொடுப்பதைத்தான். நோய்க்குக் கொடுத்தால் பாலை ஒதுக்கிவைக்கும் காலத்தை இரு மடங்காக்க வேண்டும் என்றும், அது 48 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே இன்று மருந்து கொடுப்பதால் நீங்கள் நம்பும் முறையை மீறியவராக மாட்டீர்கள்.

இப்போது உங்கள் அயலாரின் கருத்துக்கு வருவோம். மேய்கிற மாடு எந்தப் பண்ணையைச் சேர்ந்ததானாலும் அதன் குடலில் புழு இருக்கும். இயற்கைப் பண்ணை மாடுகள் அதிக நேரம் புல்வெளியில் நிற்பதால் அதிகமாகத் தொற்றுக்கு உள்ளாவதும், கொட்டகையிலேயே வெட்டிய புல்லைத் தின்னும் மாடுகள் குறைவாகத் தொற்றிக்கொள்வதும் இயல்பே. ஆனால் புழு இருப்பதும் புழுவால் நோய் வருவதும் வேறுவேறு. இரண்டு மூன்று ஆண்டுகள் மேய்ந்து எதிர்ப்பாற்றல் பெற்ற கறவை மாடு பெரும்பாலும் புழுவைத் தாங்கிக்கொள்ளும். மேலைநாட்டுப் பண்ணைகளில் கறவைகளுக்குக் குடற்புழு நீக்கம் செய்து பாலை அளந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கிடைத்த ஆதாயம் சராசரியாக ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே இருந்தது. உங்கள் கறவைகள் நன்றாக இருப்பதிலோ, முதன்முறையாக மேய்ச்சலுக்குப் போன கிடேரிகள் வாடுவதிலோ எனக்கு வியப்பில்லை. பண்ணை இயற்கையா மருந்தா என்பதைவிட, இளம் மாடு எந்த நிலத்தில் எந்த மாதத்தில் மேய்கிறது என்பதே நோயைத் தீர்மானிக்கிறது.

காரணம் புழுவின் வாழ்க்கையில் இருக்கிறது. குடலில் புழு பெருகுவதில்லை. அது இடும் முட்டை சாணத்தோடு வெளியேறி, சாணத்துக்குள் பொரிந்து, நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் தொற்றும் நிலையிலுள்ள இளம்புழுவாகிவிடுகிறது. மழை சாணத்தைக் கரைத்ததும் அந்த இளம்புழுக்கள் புல்லில் ஏறுகின்றன. புல்லின் அடிப்பகுதியில்தான் அவை மிகுதி. பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுவதால், அதற்குப் பின் வரும் வாரங்களில் கிடேரிகள் வாடுவதைக் காண்பீர்கள். செம்பனை நிழலில் பனி காயத் தாமதமாவதால் அங்கே ஈரமும் நீடிக்கும். ஆனால் இதே வெப்பம் நமக்கு ஓர் உதவியும் செய்கிறது: குளிர்நாட்டில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் இளம்புழு, நம் சூட்டில் தன் சேமிப்பை விரைவில் செலவழித்துவிட்டுச் சில வாரங்களிலேயே செத்துவிடுகிறது. 1990களில் டோங்கா தீவில் ஆடுகளைப் பத்துப் பாத்திகளில் (வேலியிட்டுப் பிரித்த மேய்ச்சல் துண்டுகளில்) மூன்றரை நாளுக்கு ஒன்றாக மாற்றி மேய்த்தபோது புழுத் தொல்லை நன்றாகக் குறைந்தது. மாட்டுச் சாணம் ஆட்டுப் புழுக்கையைப் போல் காயாமல் இளம்புழுவை உள்ளே வைத்துக் காப்பதால், நான் மாடுகளுக்கு இன்னும் நீண்ட ஓய்வு கேட்பேன்: ஒரு பாத்தியில் நான்கு நாள், பிறகு குறைந்தது ஆறு வாரம் அங்கே மாடு நுழையக்கூடாது. மின்வேலிக் கம்பியும் பேட்டரியும் இருந்தால் செம்பனை வரிசைகளையே பாத்திகளாகப் பிரித்துவிடலாம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிடேரிகளை எப்போதும் ஓய்வெடுத்த பாத்தியில் முதலில் விட்டு, அவை மேய்ந்ததும் பெரிய மாடுகளை அனுப்புங்கள். வடிகால் ஓரத்திலும் சேற்று நிலத்திலும் நத்தைகள் தட்டைப்புழுவைச் சுமப்பதால், அந்த ஓரங்களை வேலிக்கு வெளியே விட்டுவிடுவது நல்லது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் ஊற்றும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. மருந்துக்குத் தப்பும் புழுக்கள் மட்டுமே மிஞ்சி, அவையே முட்டையிட்டு நிலத்தை நிரப்பும். மருந்தே படாத புழுக்கள் சில மாடுகளில் இருந்தால்தான் இந்தத் தப்பிப் பிழைத்தவை பெரும்பான்மையாவது தாமதமாகும். நம் நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் இப்படித்தான் ஒவ்வொரு மருந்தும் கைவிட்டது; மாடுகளின் குடலில் வாழும் கூப்பீரியா என்ற புழு, ஐவர்மெக்டின் என்ற புழுமருந்துக்குத் தப்புவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. முதுகில் ஊற்றியதை மாடுகள் ஒன்றையொன்று நக்கிவிடுவதால் எந்த மாட்டுக்கு எவ்வளவு போனது என்பதும் தெரியாது. ஐவர்மெக்டின் கறவைகளுக்கானதன்று என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தும் பலர் படிப்பதில்லை. சாணத்தில் வெளியேறும் அதன் எச்சம் சாணத்தைப் புதைத்துத் தரும் வண்டுகளையும் கெடுக்கிறது. உங்கள் அயலாரிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள், அவர் கேட்பாரானால்.

கன்றுகளைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். புல்லைத் தொடாத மூன்று வாரக் கன்றின் சாணத்திலும் வெண்மையான நீண்ட புழு விழுந்தால், அது டாக்சோகேரா. தாயின் உடலில் உறங்கிக் கிடந்த இளம்புழு பாலின் வழியாகக் கன்றுக்குப் போனது. மேய்ச்சலை எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் இதைத் தடுக்க முடியாது. பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் பைரான்டெல் என்ற புழுமருந்தை ஒருமுறை கொடுப்பதே இதற்கு வழி. இதை இயற்கை முறையின் பெயரால் தவிர்த்துக் கன்றை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாணத்தைச் சோதிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். தரையில் கிடப்பதை அள்ளாமல், கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே எடுத்து, மாட்டின் அடையாளத்தை எழுதிய பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, உறைய விடாமல் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து ஈப்போவின் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் தூரமில்லை. மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் வழியாகவும் அனுப்பலாம். சோதனையில் மற்றப் புழுக்களின் முட்டையை மிதக்கவைத்து எண்ணும் உப்புக் கரைசலில் தட்டைப்புழுவின் முட்டை மிதக்காது என்பதால், அதைப் படியவைத்துப் பார்க்கும்படி தனியே கேளுங்கள். மருந்து கொடுத்த 14ஆம் நாள் அதே கிடேரிகளின் சாணத்திலுள்ள புழு முட்டைகளை மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். முட்டைகள் 95 விழுக்காடாவது குறையாவிட்டால் அந்த மருந்து உங்கள் பண்ணையில் வேலை செய்யவில்லை என்று ஐயுற வேண்டும். அதற்கு முன், எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் மார்புச் சுற்றளவு நாடாவால் அளந்து கொடுத்திருந்தீர்களா என்று பாருங்கள். குறைவான அளவும் இதே முடிவைத் தரும்.

வேப்பிலையைக் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என எதிர்பார்க்கிறேன். கோயில் வேம்பிலிருந்து ஒரு கைப்பிடி கொடுப்பதால் மாட்டுக்குக் கெடுதலில்லை; தாடை வீங்கிய கிடேரியை அது காப்பாற்றாது. தோட்டத்துப் பெரியவர்கள் கொடுத்த துருசுக் கரைசலைத் தயவுசெய்து தொடாதீர்கள், அளவு சற்றே மிஞ்சினாலும் செம்பு நஞ்சாகிவிடும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கிலேயே செம்பு கூடுதலாக இருக்கிறது. அதே புண்ணாக்கைக் கிடேரிகளுக்குத் தீவனமாக அளவோடு கொடுப்பதும், சத்துக் குறையாமல் வளர்ப்பதும் புழுவைத் தாங்கும் வலிமையைத் தரும்.

கறவைக்கு மருந்து கொடுக்க நேர்ந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலைத் தனியே கறந்து கொட்டிவிடுங்கள். தைப்பூசம் நெருங்கும்போது, விற்க முடியாத அந்தப் பாலைக் கோயிலுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அபிஷேகம் முடிந்ததும் அதை மக்கள் குடிக்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கவிட்டு, எந்த மாடு, என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த நாள்வரை பால் ஒதுக்கம் என்று எழுதி வாருங்கள். பின்னாளில் இயற்கைப் பண்ணைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் அதிகாரிகள் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.