பேனல் தனி, பேட்டரி தனியாக இருப்பதை வாங்குங்கள்

கேள்வி: பொங்கலுக்கு மூன்று பேருக்குச் சோலாரில் ஓடும் சின்னப் பொருள் ஏதாவது பரிசளிக்க ஆசை. அப்பாவுக்கு 68 வயது. தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில்தான் இருக்கிறார், ராத்திரியில் தண்ணி கட்டவும் அவரே போவார். மாமியார் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கிறார். அண்ணன் மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். மூவருக்கும் ஒரே மாதிரி 10,000 எம்ஏஎச் சோலார் பவர் பேங்க் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். மொத்தம் 6,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். வாங்கலாமா?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்தப் பவர் பேங்க் வேண்டாம் சகோதரி. மூவரில் யாருக்கும் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கடையில் வேறு ஏதாவது எடுத்துக் காட்டினாலும் நீங்களே முடிவு செய்ய முடியும்.

10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்குச் சொல்லும் அளவு. பெருக்கிப் பார்த்தால் 37 வாட் மணி வரும் (ஒரு வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரியச் செலவாகும் மின்சாரம்தான் ஒரு வாட் மணி). பவர் பேங்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் பேனலோ உள்ளங்கை அளவுதான். நல்ல வெயிலில்கூட அது 1 வாட், மிஞ்சிப்போனால் ஒன்றரை வாட் தரும். நம் பக்கம் ஆண்டு முழுவதும் சராசரி பார்த்தால், ஒரு நாள் வெயில் சுமார் 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். அப்படியானால் ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு வாட் மணி. ஏறும்போது வீணாகிறதையும் சேர்த்தால், காலியான பவர் பேங்க் நிரம்ப ஒரு வாரத்துக்குக் குறையாது. அந்த ஒரு வாரமும் தினமும் மறக்காமல் எடுத்து வெயிலில் வைக்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது சூடு. பெரும்பாலான லித்தியம் அயன் செல்களுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. சித்திரை வெயிலில் கறுப்பு டப்பா ஒன்றை மொட்டை மாடியில் வைத்தால் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிடும். பேனலுக்கு வெயில் வேண்டும், பேட்டரிக்கு நிழல் வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் ஒட்டிவைத்தால் ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும். கெடுவது பெரும்பாலும் பேட்டரி. செல் உப்பிப்போய், பிறகு தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் சோலார் பொருள் எதுவானாலும், காலை பத்து மணி முதல் மதியம் மூன்று வரை அது எங்கே கிடக்கும் என்று முதலில் யோசியுங்கள். வாட், லூமன் (வெளிச்சத்தின் அளவு) எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்பாவுக்கு அந்த இடம் தாராளமாக இருக்கிறது. சாளைக் கூரை, மோட்டார் ரூம் கூரை, எதைச் சுற்றியும் பெரிய மர நிழல் இருக்காது. மூவரில் சோலார் முழுசாகப் பயன்படப்போவது அவருக்குத்தான், பணத்திலும் பாதிக்கு மேல் அவருக்கே ஒதுக்குங்கள். 5 வாட் பேனல் தனியாக, நீளமான ஒயரோடு வரும் கை விளக்காகப் பாருங்கள். பேனலைக் கூரையில் கட்டிவிட்டு விளக்கை உள்ளே நிழலில் வைத்துச் சார்ஜ் ஏற்றலாம். நல்ல வெயில் நாளில் 12 முதல் 15 வாட் மணி சேரும், 2 வாட் எல்இடி அதில் ஆறு மணி நேரம் எரியும். பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று போட்டிருந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்குங்கள். சூட்டை அது நன்றாகத் தாங்கும், இரண்டாயிரம் தடவை சார்ஜ் ஏற்றினாலும் பெரிதாகச் சோர்ந்துவிடாது. பழைய லெட் ஆசிட் பேட்டரி விளக்கு இன்னும் சில கடைகளில் கிடக்கும். சில மாதம் சார்ஜ் இல்லாமல் விட்டாலே அது செத்துவிடும், வேண்டாம். வெளிச்சம் மஞ்சள் நிறமாக இருப்பது நல்லது. வெள்ளை வெளிச்சத்துக்கு வருகிற அளவு பூச்சி இதற்கு வராது.

அந்த விளக்கில் யுஎஸ்பி அவுட்புட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தே சார்ஜ் ஏற்றக்கூடிய தலை டார்ச் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கையில் மம்முட்டியோடு மடை திருப்பப் போகிற மனிதர் இன்னொரு கையில் டார்ச்சும் பிடிப்பது சிரமம். வரப்பில் விரியன் கிடந்தால் கால் வைப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவருக்கும் இதே தலை டார்ச் நல்ல பரிசு.

பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து, இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் அப்பா ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆடியில் சும்மா வைத்த பேனல் அடுத்த காட்டில் போய் விழும். வாரத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால் தூசி துடைத்தால் போதும்.

மாமியார் வீட்டுக்கு வருவோம். தோப்புக்குள் சோலார் வைப்பவர்கள் ஏமாறுகிற இடம் நிழல். பேனலில் செல்கள் எல்லாம் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். தென்னை மட்டை ஒன்றின் நிழல் ஒரே ஒரு செல்லின் மேல் விழுந்தாலும் சின்னப் பேனல் மொத்தமும் படுத்துவிடும். ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் அருமையாக இருக்கும். ஆனால் பேனலும் விளக்கும் ஒன்றாக ஒட்டிய மாடல் அங்கே ஆகாது. பேனலைத் தனியாக ஓட்டு விளிம்பிலோ, வெயில் விழுகிற களத்து ஓரத்திலோ கொண்டுபோய் வைக்கிற மாதிரி ஒயர் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து ஆனி, ஆடியில் அங்கே நாள் கணக்கில் சாரல் பிடிக்கும். அந்த நாள்களில் பேனல் தருவது வெயில் நாளில் வருவதில் கால் பங்குகூட இருக்காது. ஆகவே கரண்டிலும் சார்ஜ் ஏற்றும் வசதி கட்டாயம் இருக்கட்டும். மழைக்குத் தாங்குவதற்கு ஐபி 65 என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும்.

அண்ணன் மகனுக்குச் சோலாரே வேண்டாம். ஹாஸ்டல் அறையில் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து என்ன ஏறும்? பையன் பகலெல்லாம் வகுப்பில் இருப்பான். சாதாரணப் பவர் பேங்க், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் உள்ளதாக வாங்கிக் கொடுங்கள். அவன் சந்தோஷப்படுவான்.

ஆன்லைனில் வாங்காமல் ஈரோட்டிலோ திருப்பூரிலோ நேரில் பார்த்து வாங்குங்கள். பேனலை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் காட்டி, சார்ஜ் ஏறும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வாரன்டி பேட்டரிக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பேனலுக்குச் சொல்கிற வருடக் கணக்கைக் கேட்டு நம்பிவிட வேண்டாம். மார்கழி பாதியிலேயே வாங்கி, உங்கள் மாடியில் இரண்டு மூன்று நாள் முழுசாக ஏற்றி, ராத்திரி எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பில்லையும் வாரன்டி அட்டையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது பழுதென்றால் கடைக்கு எடுத்துக்கொண்டு போகப்போவது நீங்கள்தான்.