சென்னையில் உயர்மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கூடினால் நெரிசலும் கூடும் என்பது சரியா?

பாதி சரி. உயரம் வேறு, நெருக்கம் வேறு. ஒரு ஏக்கரில் எத்தனை பேர் குடியிருக்கப் போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது மாடிகளின் எண்ணிக்கை இல்லை. எஃப்எஸ்ஐயும் வீட்டின் அளவும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. எஃப்எஸ்ஐ என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு அது 2. முன்பு 1.5 ஆக இருந்தது. 18.30 மீட்டருக்கு மேல் போனால் 'உயர்மாடி' என்று கணக்கு, அங்கே 3.25 வரை. 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையாக இருந்தால், அரசுக்குக் கட்டணம் கட்டி இன்னும் 50 சதவீதம் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். அப்போது 4.87 வரை போகும்.

இதைக் கையால் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து, ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். தரைமட்டத்தில் தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று நான்கு மாடி, 800 சதுர அடியில் ஆறு வீடு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 24 பேர். ஹெக்டேருக்கு மாற்றினால் சுமார் 1,075 பேர்.

இப்போது ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் 5 ஏக்கர், எஃப்எஸ்ஐ 3.25. தளப்பரப்பு 7,07,850 சதுர அடி. அங்கே விற்பது 1,800 சதுர அடி வீடு, ஆக 393 வீடு. அதே நாலு பேர் கணக்கில் 1,572 பேர், ஹெக்டேருக்கு சுமார் 777. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவு டவர். ஆனால் நெருக்கம் மாம்பலத்துச் சந்தைவிடக் குறைவு. பெரும்பாக்கத்து எட்டு மாடி மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வீடுகள் 400 சதுர அடி அளவுதான். உயரம் நடுத்தரம், நெருக்கமோ இவை இரண்டையும் தாண்டும். வேலை செய்யும் இடம் எங்கோ, வீடு எங்கோ என்று ஆக்கிவிட்டு அந்த நெருக்கத்தை அங்கே கொண்டுபோய் வைத்ததுதான் பெரிய தவறு.

அப்படியானால் ஓஎம்ஆரில் ஏன் மூச்சு முட்டுகிறது? மாம்பலத்தில் நூறு மனைக்கும் நூறு வாசல், பல தெரு, நடந்துபோகும் தூரத்தில் மின்சார ரயில். ஓஎம்ஆரில் 393 வீட்டுக் கார்களும் ஒரே கேட் வழியாக ஒரே சாலையில் வந்து இறங்குகின்றன. பக்கத்து வளாகமும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே குறுக்குத் தெரு கிடையாது. பால் வாங்கப் போகிறவரும் பிரதான சாலைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

சரி, டவரை ஊருக்கு நடுவிலேயே கட்டலாமே என்று கேட்கலாம். செட்பேக் விதி இடம் கொடுக்காது. 30 மீட்டர் உயரம் வரை நாலு பக்கமும் 7 மீட்டர் காலியிடம் வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மீட்டர். பத்து கிரவுண்டு மனை சதுரமாக இருந்தால் பக்கம் ஏறக்குறைய 47 மீட்டர். 84 மீட்டர் டவருக்கு 16 மீட்டர் விட்டால் நடுவில் மிஞ்சுவது 15க்கு 15. இரண்டு படிக்கட்டு, லிஃப்ட், லாபி, டக்ட் எல்லாம் போக வீட்டுக்கு இடமே இருக்காது. அதே மனையில் 30 மீட்டரோடு நிறுத்தினால் 33க்கு 33 மீட்டர் தளம் கிடைக்கும். 3.25 எஃப்எஸ்ஐ முழுவதையும் ஏழு மாடியில் தீர்த்துவிடலாம். நகருக்குள் நெருக்கம் வேண்டுமென்றால் அதற்குத் தேவை ஏழெட்டு மாடிதான், முப்பது மாடி இல்லை. முப்பது மாடி பெரிய மனை இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். அது ஊர் ஓரத்தில்தான் கிடைக்கும். ஊர் ஓரம் என்றால் நம் ஊரில் பல இடத்தில் சதுப்பும் ஏரி உள்வாயும்தான்.

அங்கே கட்டுவதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. கட்டடம் மண்ணில் இறங்கிவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். பேஸ்மென்ட் மேலே மிதக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இரண்டு பேஸ்மென்ட் தோண்டி, ராஃப்ட்டின், அதாவது அடித்தளமாகப் போடும் கான்கிரீட் பலகையின், அடிமட்டம் தரையிலிருந்து 8 மீட்டர் கீழே இருக்கிறது என்று வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் தரைக்கு ஒரு மீட்டர் கீழே வரை ஏறிவிடும். 7 மீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 7 டன் மேல்நோக்கி அழுத்தம். 1.2 மீட்டர் தடிமன் ராஃப்ட்டின் எடை 3 டன்தான். பாதுகாப்புக்கு 1.2 மடங்கு என்று எடுத்தால் 8.4 டன் எடை வேண்டும், மீதி 5.4 டன்னை மேலே ஏறும் தளங்கள் தர வேண்டும். தளத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் என்றால் ஐந்தாறு ஸ்லாப் போடும்வரை நிலத்தடி நீரை வெளியேற்றும் டீவாட்டரிங் பம்பை நிறுத்தக் கூடாது. டீசல் செலவு மிச்சம் என்று தீபாவளி லீவில் பம்பை அணைத்தால் ராஃப்ட் தூக்கிக்கொண்டு விரிசல் விடும்.

டவருக்கு நேர் கீழே இந்தப் பிரச்சினை கட்டி முடித்ததும் தீர்ந்துவிடும். டவருக்கு வெளியே, மேலே புல்தரையும் நீச்சல் குளமும் இருக்கும் பேஸ்மென்ட் பகுதிக்கு ஆயுசுக்கும் தீராது. அங்கே எடை சேர்க்க மாடி எதுவும் வராது. ராஃப்ட்டைக் கீழே பிடித்து வைக்கப் பாறையில் ஆங்கர் கம்பி அடிக்க வேண்டும், அல்லது மண்ணுக்குள் இறக்கும் பைல் தூண்களை இழுவிசைக்கும் சேர்த்து டிசைன் செய்ய வேண்டும். வீடு பார்க்கப் போனால், மழை நின்று ஒரு வாரம் கழித்துப் போங்கள். நேராகக் கீழ் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, டவரும் வெளிப்பகுதியும் சேரும் ஜாயின்ட்டைப் பாருங்கள். வெள்ளை உப்புக் கோடும் ஈரமும் இருந்தால் அங்கே தண்ணீர் கசிகிறது. மாடல் ஃபிளாட்டைவிட அந்த ஜாயின்ட் நிறையச் சொல்லும்.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 1,572 பேருக்கு 2.12 லட்சம் லிட்டர். மெட்ரோ வாட்டர் குழாய் வராத இடத்தில் அது 12,000 லிட்டர் லாரியில் தினமும் 18 நடை. 2019 கோடையில் ஓஎம்ஆர் வளாகங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். இதில் ஏறக்குறைய 80 சதவீதம், 1.7 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பி வரும். எஸ்டிபி என்ற கழிவுநீர் நிலையத்தில் சுத்திகரித்து ஃப்ளஷ்ஷுக்குத் திருப்பினால் ஆளுக்கு 45 லிட்டர் வீதம் 70,000 லிட்டர் செலவாகும். மீதி ஒரு லட்சம் லிட்டரை எங்கே விடுவது? கோடையில் செடிக்கு ஊற்றலாம். மழைக்காலத்தில் செடிக்கும் வேண்டாம், பாதாளச் சாக்கடையும் கிடையாது. அது மழைநீர் வடிகாலுக்குப் போய், அங்கிருந்து சதுப்புக்குப் போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் கட்டடம் வேண்டாம் என்று வாதாடுகிறவர்களின் வாதத்தில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது இந்த ஒரு லட்சம் லிட்டர்தான்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக: உயரமான மாடிக்கு ஏணி வண்டி வந்து எட்டும் என்று நம்பி யாரும் டிசைன் செய்வதில்லை. கட்டடம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எப்போதும் தண்ணீர் நிற்கும் தீயணைப்புக் குழாயான வெட் ரைசர், ஸ்பிரிங்க்ளர், புகை ஏறாத படிக்கட்டு, தீயணைப்பு லிஃப்ட் எல்லாம் முதல் நாள் இருக்கும். ஐந்தாறு வருடத்தில் சங்கத்தில் மெயின்டனன்ஸ் சண்டை வந்ததும் முதலில் நின்றுபோவது ஃபயர் பம்ப் பராமரிப்பு. அடுத்து படிக்கட்டுக் கதவுக்கு அண்டக்கொடுத்து ஒரு செங்கல்.

வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் எஃப்எஸ்ஐ கூடுவதில் ஒரு நஷ்டம் உண்டு. யூடிஎஸ், அதாவது வீட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, சுருங்கும். 1,200 சதுர அடி தளப்பரப்புள்ள வீட்டுக்கு எஃப்எஸ்ஐ 2இல் 600 சதுர அடி நிலப் பங்கு, 3.25இல் 369, 4.87இல் 246. சதுர அடி விலை ஒன்றேதான் என்று பில்டர் சொன்னாலும், பத்திரத்தில் வருவது பாதிக்கும் குறைவான மண். விற்பனைப் பத்திரம் போடும் முன் யூடிஎஸ் எண்ணைக் கேட்டு, மொத்த மனைப் பரப்பால் வகுத்து, உங்கள் வீட்டின் பரப்பை மொத்தத் தளப்பரப்பால் வகுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக அரசுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த நிலத்தையும் யூடிஎஸ்ஸில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், எஃப்எஸ்ஐயைக் கூட்ட வேண்டிய இடம் அண்ணா நகர், அசோக் நகர், கே.கே.நகர் போன்ற, மெட்ரோ ரயிலும் பழைய குழாயும் ஏற்கெனவே இருக்கும் பகுதிகள். அங்கே எஃப்எஸ்ஐ 1.5 காலத்து மூன்று மாடி ஃபிளாட்டுகள் தூணில் கம்பி தெரிய நிற்கின்றன. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். முன்பு ஒரே ஒரு வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்துகொண்டு கையெழுத்துப் போடாவிட்டால் மொத்த வேலையும் நிற்கும். ஆனால் இதையும் தெருத் தெருவாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஒரு தெருவில் ஒன்றிரண்டு மனை எட்டு மாடி ஆனால் பழைய சாக்கடைக் குழாய் தாங்கிவிடும். பத்து மனை ஆனால் முதல் மழையிலேயே மேன்ஹோல் பொங்கும். பிரீமியம் எஃப்எஸ்ஐக்கு வாங்கும் பணத்தில் அந்தத் தெருவின் குழாயை முதலில் மாற்றிவிட்டு, பிறகு பிளானுக்குக் கையெழுத்துப் போடலாம்.