கேளுங்க சொல்றேன்: சேலத்துல இருந்து துறைமுகத்துக்கு, ஒரு நாள் தூண்டில்

கேள்வி: அண்ணா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் சேர்ந்து பாண்டிச்சேரி துறைமுகம் பக்கம் போட் எடுத்து ஒரு நாள் தூண்டில் போடலாம்னு பிளான். எந்த நாள், எந்த நேரம் போனா மீன் கிடைக்கும்? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: தம்பி, லீவு என்னைக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி அமாவாசை பௌர்ணமி என்னைக்குன்னு காலண்டர்ல பாருங்க. அதை ஒட்டி வர்ற நாள்ல தான் தண்ணி நல்லா ஏறி நல்லா வத்தும். நம்ம கிழக்குக் கடற்கரையில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், உயர வித்தியாசம்னு பார்த்தா சுமார் ஒரு மீட்டருக்குள்ள தான், கரையில நின்னு பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா முகத்துவாரத்துல அவ்ளோ தண்ணியும் ஒரே குறுகலான வழியா உள்ள போயிட்டு வெளிய வரணும் இல்லீங்களா, அங்க ஓட்டம் பிச்சுக்கும். சின்ன மீனும் இறாலும் அந்த ஓட்டத்துல அடிச்சுட்டு வரும், பெரிய மீன் அதுக்காகவே அங்க வந்து நிக்கும். ஓட்டம் நின்ன நேரத்துல எவ்ளோ நல்ல இரை போட்டாலும் சும்மா தான் உக்காந்திருக்கணும்.

தண்ணி ஏறுற, வத்துற நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால போன வாரம் யாரோ 6 மணிக்கு பிடிச்சாங்கன்னு நீங்களும் 6 மணிக்குப் போய் நிக்காதீங்க. முந்தின நாளே போட்டுக்காரருக்கு போன் போட்டு "அண்ணே, நாளைக்கு தண்ணி எப்ப ஏறுது"ன்னு கேளுங்க, அவர் சொல்ற நேரத்துக்குப் போங்க. விடியக்காலை ஏத்தம் வந்தா ரொம்ப விசேஷம். மதியத்துல கடல் காத்து எழும்பி போட் ஆட ஆரம்பிச்சுடும், 11 மணி வாக்குல கரைக்கு வந்துடுறது நல்லது. ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை வழியா கார்ல போனாலே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு தூக்கக் கலக்கத்துல போட்ல ஏறாதீங்க, முந்தின நாளே போய் தங்கிடுங்க.

மாசம்னா பிப்ரவரி, மார்ச் தான் என் சாய்ஸ், கடல் அமைதியா இருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல்னு எதையும் நம்பி பிளான் போட முடியாது. துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருந்தா, அது 1-ம் நம்பரா இருந்தாலும் சரி, அட்வான்ஸ் போனா போகட்டும்னு திரும்பிடுங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்கு தடைக்காலம், அப்ப எல்லா படகும் வரிசையா கட்டிக் கிடக்கும், அந்தக் கயிறுல எல்லாம் தூண்டில் போய் சிக்கும். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு தான் ஏறணும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் சேர்த்து தான் சொல்றேன்.

கேள்வி: மேட்டூர் அணையில ஜிலேபி, ரோகு பிடிச்சுப் பழக்கம். மைதா உருண்டை தான் போடுவோம். துறைமுகத்துலயும் அதே போதுமாங்க? (வாசகர், மேட்டூர்)

பதில்: மைதாவுக்கு மடவை வரும்ங்க, வேற பெருசா எதிர்பார்க்க முடியாது. துறைமுகத்துல எல்லாரும் ஆசைப்படுறது கொடுவா, செப்பிலி, பாரை, இதெல்லாம் உயிரோட ஓடுறதைத் துரத்தித் திங்கிற ஜாதி. அதுக்கு உயிர் இறால் தான் ராஜா. இறாலை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தீங்கன்னா தலைக்குள்ள கண்ணுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு புள்ளி தெரியும், அதுல மட்டும் தூண்டில் முள்ளு படக்கூடாது, பட்டா அந்த நிமிஷமே செத்துரும். அந்தப் புள்ளிக்கு முன்னாடி, கொம்புக்குக் கீழ மெல்லிசா குத்தி எடுத்தா ரொம்ப நேரம் துள்ளிக்கிட்டே இருக்கும்.

அணையில நடுத்தண்ணியில வீசினாலும் ஏதாச்சும் மாட்டும். இங்க பாலத்துத் தூணு, அலைதடுப்புக் கல்லு, கட்டிப் போட்ட படகோட நிழல், இப்படி ஒரு மறைவு பார்த்து போடணும். கொடுவா தூணுக்குப் பின்னாடி ஓட்டம் குறைஞ்ச இடத்துல, தண்ணி வர்ற பக்கம் மூஞ்சியை வெச்சுக்கிட்டு அசையாம நிக்கும். அதனால இரையை ஓட்டத்துக்கு மேல்பக்கம் போட்டு தானா மிதந்து தூணை ஒட்டி வர்ற மாதிரி விடுங்க, நீங்களா இழுக்காதீங்க. கடிச்சா உடனே தூணைச் சுத்தப் பார்க்கும், அந்த முதல் ரெண்டு மூணு செகண்ட் விட்டுக்கொடுக்காம பிடிச்சு நிறுத்தணும். மேட்டூருக்குப் போடுற மெல்லிசு தூண்டில் நரம்பு இங்க தாங்காது, முள்ளுக்கு மேல ஒரு முழம் தடிமனான தங்கூஸ், அதான் நைலான் நரம்பு, கட்டுங்க. கொடுவாவோட செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும், செவுளுக்குள்ள கையை விட்டுத் தூக்கவே கூடாது.

கேள்வி: எங்க அம்மாவுக்கு ஏற்காடு கொண்டை ஊசி வளைவுலயே வாந்தி வரும். போட்ல கூட்டிட்டுப் போகலாமா? (வாசகி, ஓமலூர்)

பதில்: துறைமுகத்துக்குள்ள மட்டும்னா கூட்டிட்டுப் போங்க, அலைதடுப்பு தாண்ட வேண்டாம். அவோமின் மாதிரி மாத்திரையை ஏறுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணும், ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல. தூக்கம் வரும். பிரஷர், சுகர்னு வேற மாத்திரை சாப்பிடுறவங்கன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வெறும் வயித்துல ஏத்தாதீங்க, ரெண்டு இட்லி போதும். போட்டோட நடுவுல உக்கார வெச்சு தூரமா கரையைப் பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி: கெளுத்தி முள்ளு குத்திட்டா என்ன பண்றது? (வாசகர், ஏற்காடு)

பதில்: கடல் கெளுத்தி முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணுன்னு மூணு முள்ளு, விஷம் இருக்கு, வலி உயிர் போகும். கை பொறுக்கிற சூடுல வெந்நி வெச்சு அரை மணி நேரத்துக்கு மேல அமுக்கி வைங்க, அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். குத்தாத கையால சூடு பார்த்துட்டு வைங்க, வலியில கொதிக்கிறது தெரியாம வெந்துடும். போட்ல ஒரு ஃப்ளாஸ்க் வெந்நி எப்பவும் இருக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரி போய் டிடி ஊசி போட்டுக்கிட்டு, முள்ளு உள்ள ஒடிஞ்சிருக்கான்னும் பார்த்துடுங்க.

பேத்தை மீன் மாட்டினா, அதான் உடம்பை பலூனா ஊதிக்குமே, திருப்பி விட்டுடுங்க. அந்த விஷம் எவ்ளோ கொதிக்க வெச்சாலும் போகாது.

கேள்வி: பெரிய கொடுவா கிடைச்சா வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம் தானே, ஐஸ் பாக்ஸ்ல எத்தனை மணி நேரம் தாங்கும்? (வாசகர், ஆத்தூர்)

பதில்: ஐஸ் விஷயம் சுலபம். பிடிச்ச உடனே குடலை எடுத்துட்டு மீன் எடைக்கு எடை உடைச்ச ஐஸ் போட்டு மூடினா ஆத்தூர் வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

ஆனா பெருசை எடுக்காதீங்கன்னு தான் நான் கெஞ்சிக் கேட்பேன். கொடுவா பிறந்து வளர்றப்ப முதல்ல ஆணா இருக்கும், வளர வளர சில வருஷத்துல பெண்ணா மாறும். அப்போ மூணடிக்கு மேல வளர்ந்து நிக்கிறது அனேகமா எல்லாமே பெண் தான், ஒரு சீசன்ல லட்சக்கணக்குல முட்டை போடுற தாய். நாம ஆசைக்கு ஒரு நாள் போறவங்க, மார்க்கெட்லயே வாங்கிக்கலாம், ஆனா அந்த முகத்துவாரத்தை நம்பி கட்டுமரத்துலயும் ஃபைபர் போட்லயும் போறவங்களுக்கு அடுத்த வருஷ மீன் அதோட வயித்துல தான் இருக்கு. ஒண்ணரை ரெண்டு கிலோ மீன் ஒண்ணு எடுத்தா ஒரு குடும்பத்துக்குத் தாராளம், குழம்புக்கும் அந்த சைஸ் தான் ருசி. பெருசு மாட்டினா கையை நல்லா நனைச்சுட்டு ரெண்டு கையாலயும் வயித்தைத் தாங்கிப் பிடிச்சு, ஒரு போட்டோ எடுத்து, ஓட்டம் வர்ற பக்கம் தலையைக் காட்டி தண்ணியிலயே பிடிச்சிருங்க, வாலை அடிச்சு தானா கிளம்புற வரைக்கும் விடாதீங்க.